இங்கிருந்து பார்த்தால் திறந்திருக்கிறது

அக்டோபர் 19, வியாழன்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. என் வேலையில் இதற்குப் பெயர்தான் நல்ல நாள்.

எக்ஸ்ரே அறையிலிருந்து மட்டும் ஒரு புகார்: நெட்வொர்க் இல்லை. போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் பிளக் தரையில் கிடந்தது. அதன் இடத்தில் யாரோ செல்போன் சார்ஜரைச் சொருகியிருந்தார்கள். மாற்றிச் சொருகினேன். நெட்வொர்க் வந்துவிட்டது என்று நன்றி சொன்னார்கள். இந்தத் தாவணகெரெ ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். கரண்ட் போனால் நெட்வொர்க், பிரிண்டரில் காகிதம் சிக்கினால் நெட்வொர்க். ஒரு தடவை மின்விசிறி சத்தம் போடுகிறது என்றும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதனால் யார் போன் செய்தாலும் என் மேஜையிலிருந்தே ஒரு சோதனை செய்துவிட்டு, "இங்கிருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவது என் வழக்கம். பத்தில் ஒன்பது தடவை அது உண்மையாகவும் இருக்கும்.

சாயங்காலம் ஃபயர்வால் பெட்டியைப் பார்த்தேன். வெளியிலிருந்து வருகிறவர்களில் யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று முடிவுசெய்கிற பெட்டி. அது கடைசியாக அணைந்து எண்ணூற்றுப் பதினேழு நாள் ஆகிறது. இதைப் பெருமையாக என் மனைவி விஷாலாவிடம் சொன்னேன். நம் வீட்டு மிக்ஸி எட்டு நாள் ஓடினால் போதும் என்றாள்.

அக்டோபர் 21, சனி

ஆயுத பூஜைக்கு மீட்டிங். நிர்வாக அதிகாரி ஹாலப்பா பேசினார். ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்டுக்குப் புதிதாக வந்திருக்கும் செயலாளரம்மா இந்த வருடம் பூஜையை முறையாகச் செய்யச் சொல்கிறாராம். முறை என்றால், ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு கொடுக்க வேண்டும். ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைத்தால் அது பூஜை இல்லையாம்.

இருதய டாக்டர் உமாபதி எழுந்து, வென்டிலேட்டரும் ஆயுதம்தானே, அதற்கும் ஓய்வா என்று கேட்டார். ஹாலப்பா வேர்த்துப்போனார். அரைமணி நேரம் பேசிக் கடைசியில் ஒரு சமரசம்: நோயாளி மேல் மாட்டியிருக்கும் எதையும் தொடக்கூடாது. சர்வர் அறையில் ஏதாவது ஒன்றைப் பத்து நிமிடம் அணைத்தால் போதும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சர்வரை அணைத்தால் மருந்துக்கடை நின்றுவிடும். ஃபயர்வாலை அணைத்தால் பத்து நிமிடம் வெளி உலகம் இருக்காது. உள்ளே யாருக்கும் தெரியாது. ஃபயர்வால் என்று சொன்னேன். எண்ணூறு நாள் கணக்கு போய்விடுமே என்று மனசுக்குள் ஒரு வருத்தம். அதை மீட்டிங்கில் சொல்ல முடியுமா?

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

காலை 11:02க்கு என் கையால் அணைத்தேன். விபூதியில் மூன்று கோடு, நடுவில் குங்குமம், மேலே செண்டுமல்லிச் சரம். ஊதுபத்தியை உள்ளே கொண்டுவர வேண்டாம் என்று சொன்னேன், புகை எச்சரிக்கை மணி அடிக்கும் என்று. கொண்டுவந்தார்கள். அடித்தது. செயலாளரம்மா அதை மங்கல ஒலியாக எடுத்துக்கொண்டார்.

11:12க்கு மறுபடி போட்டேன். எல்லா விளக்கும் பச்சை. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். மண்டக்கிப் பொரி, வாழைப்பழம், ஒரு லட்டு. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

அக்டோபர் 25, புதன்

ஹிரேகல்கெரெ கிளினிக்கிலிருந்து சௌடம்மா சிஸ்டர் போன் செய்தார். எங்கள் டிரஸ்டுக்கு வெளியூரில் இருக்கிற ஒரே கிளினிக் அது. இங்கிருந்து நாற்பத்தெட்டு கிலோமீட்டர். டாக்டர் வாரம் ஒருநாள்தான் போவார். மற்ற நாளெல்லாம் சௌடம்மாதான். நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் ஈசிஜி எடுப்பார். அது நேராக எங்கள் சர்வருக்கு வந்து, டாக்டர் உமாபதியின் திரையில் மணி அடிக்கும். அவர் பார்த்து இரண்டு நிமிடத்தில் பதில் சொல்வார்: மாத்திரை கொடுத்து அனுப்பு, அல்லது உடனே ஆம்புலன்ஸில் ஏற்று.

நேற்றிலிருந்து ஈசிஜி போகவில்லையாம். என் மேஜையிலிருந்து சோதித்தேன். சர்வரில் ஈசிஜி நுழைகிற வாசல், அதாவது போர்ட், 4510. திறந்திருந்தது. சொன்னேன். மெஷினை ஒருதரம் அணைத்துப் போடச் சொன்னேன்.

அக்டோபர் 26, வியாழன்

சௌடம்மா இரண்டு முறை போன். இரண்டு முறையும் சோதித்தேன். இங்கிருந்து பார்த்தால் திறந்திருக்கிறது.

அக்டோபர் 28, சனி

மெஷின் கம்பெனி ஆள் ஹிரேகல்கெரெ போய்ப் பார்த்துவிட்டு ஹாலப்பாவிடம் அறிக்கை கொடுத்திருக்கிறார். மெஷினில் கோளாறு இல்லை. ஆனால் மெஷின் மேல் குங்குமமும் மஞ்சளும் இருந்தன, பக்கவாட்டு ஓட்டையில் ஒரு செண்டுமல்லி இதழ் இருந்தது. பூஜைக்காகத் துடைக்கும்போது யாரோ எதையோ மாற்றியிருக்கலாம்.

யாரோ என்றால் அங்கே ஒரே ஆள்தான்.

ஹாலப்பா என்னைக் கூப்பிட்டு உங்கள் பக்கம் சரியா என்று கேட்டார். சரி என்றேன். எழுத்தில் கேட்டார். எழுதியும் கொடுத்தேன்: 4510 திறந்துள்ளது, மூன்று முறை சோதிக்கப்பட்டது.

அக்டோபர் 30, திங்கள்

இப்போது சௌடம்மா ஈசிஜியைக் காகிதத்தில் எடுத்து, செல்போனில் படம் பிடித்து, டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இன்று ஒரு மக்காச்சோள வியாபாரியின் ஈசிஜி வந்தது. பாதியை சிஸ்டரின் கட்டைவிரல் மறைத்திருந்தது. டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. எதற்கும் அனுப்பு என்றுவிட்டார். வியாபாரி ஆம்புலன்ஸில் அலறிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாயுத்தொல்லை. முந்தினநாள் மிளகாய் பஜ்ஜி பன்னிரண்டு சாப்பிட்டாராம்.

கேண்டீனில் எல்லாரும் சிரித்தோம். நானும்.

அக்டோபர் 31, செவ்வாய்

இன்று சிரிப்பு இல்லை.

மல்லவ்வா என்று ஒருவர். நாற்பத்தொன்பது வயது, ஹிரேகல்கெரெ அரசுப் பள்ளியில் மதிய உணவு சமைக்கிறவர். அரிசி களையும்போது இடதுகை மரத்திருக்கிறது. சௌடம்மா ஈசிஜி எடுத்துப் படம் அனுப்பியது காலை 10:20. டாக்டர் உமாபதி அப்போது இன்னொருவருக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருந்தார். செல்போன், உடை மாற்றும் அறையில், சட்டைப் பையில். சர்வர் வழியாக வந்திருந்தால் உள்ளே இருக்கிற திரையில் மணி அடித்திருக்கும். அவர் வெளியே வந்து பார்த்தது 11:10.

சௌடம்மா காத்திருக்காமல் பத்து நாற்பதுக்கே மல்லவ்வாவை ஒரு டெம்போவில் ஏற்றிவிட்டார். உயிர் பிழைத்தது அதனால்தான் என்று டாக்டரே சொன்னார். ஆனால் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை அங்கேயே போட்டிருக்க வேண்டும். டாக்டர் பார்த்துச் சொல்லாமல் போட முடியாத ஊசி. இருதயத்தின் ஒரு பக்கம் சரியாக வேலை செய்யாது இனி. பாரம் தூக்கக்கூடாது.

ஐம்பது நிமிடம். ஹாலப்பா கோபத்தில் சௌடம்மாவுக்கு நோட்டீஸ் அடிக்கச் சொல்லிவிட்டார்.

நவம்பர் 1, புதன். கர்நாடக ராஜ்யோத்ஸவ விடுமுறை

கொடி ஏற்றினோம். மல்லவ்வா வார்டில் இருக்கிறார். எட்டிப் பார்க்கவில்லை. நான் எதற்கு?

நவம்பர் 2, வியாழன்

காலையில் சௌடம்மா போன். நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டது. கூடவே மாற்றல்: பதினைந்தாம் தேதியிலிருந்து தாவணகெரெ வார்டில் வேலை, "இயந்திரங்களைக் கவனமாகக் கையாளப் பயிற்சி பெறும்பொருட்டு". அவர் வீட்டுக்காரருக்குக் கைநடுக்கம். ஸ்பூனைப் பிடிக்க முடியாது. மத்தியானம் கிளினிக்கிலிருந்து ஓடிப்போய் ஊட்டிவிட்டு வருவார். நாற்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டால் யார் ஊட்டுவது?

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கொட்ரேஷ் சார், எட்டு நாளா நீங்க அங்கிருந்தே பாக்கறீங்க. வழி அடைச்சிருக்குன்னு சொல்றவ இங்க இருக்கேன். ஒரு தடவை இங்கிருந்து பாத்தா என்ன?"

பதினாறு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வீட்டுக்கூடத்தில் நின்றுகொண்டு, தெருக்கதவு திறந்துதான் இருக்கிறது என்று எட்டு நாள் சத்தியம் செய்திருக்கிறேன். என் மேஜைக்கும் சர்வருக்கும் நடுவில் ஃபயர்வாலே கிடையாது. அவருக்கும் சர்வருக்கும் நடுவில்தான் அது இருக்கிறது. இது முதல் வருடத்துப் பாடம். வெட்கமாக இருக்கிறது.

கிளினிக் கம்ப்யூட்டரில் கருப்பு ஜன்னலைத் திறக்கச் சொல்லி, டெல்நெட், ஓர் இடைவெளி, சர்வரின் எண், இன்னோர் இடைவெளி, 4510 என்று அடிக்கச் சொன்னேன். அங்கிருந்தே வாசலைத் தட்டிப் பார்க்கிற கட்டளை அது. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மருந்துச் சீட்டு படித்துப் பழகிய கண். ஒரு பிழை இல்லை.

"அடிச்சேன் சார். அப்படியே நிக்குது… இப்ப முடியலன்னுடுச்சு. இருபத்தொரு செகண்ட் ஆச்சு."

செகண்ட் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நாடி பாக்குற வாட்ச்சு கையிலதானே இருக்கு."

மறுபடி அடிக்கச் சொன்னேன். இருபத்தொன்று. மறுபடி. இருபத்தொன்று. பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று 8080 அடிக்கச் சொன்னேன். பழைய டோக்கன் புரோகிராம் இருந்த போர்ட் அது. புரோகிராமைப் போன வருடமே நிறுத்திவிட்டோம், ஃபயர்வாலில் அதற்கான அனுமதி மட்டும் இன்னும் இருக்கிறது.

"இவன் உடனே முடியாதுன்னுட்டான் சார். இவன் தேவல. மூஞ்சிக்கு நேரா சொல்றான். அவன் வாயே தொறக்க மாட்டேங்கறான்."

உடனே முடியாது என்றால், கேள்வி சர்வர் வரைக்கும் போய், அங்கே ஆள் இல்லை என்ற பதிலோடு திரும்பியிருக்கிறது. வாயே திறக்கவில்லை என்றால், கேள்வி நடுவிலேயே விழுங்கப்படுகிறது. வழி சரி. சர்வர் சரி. மெஷின் சரி. சௌடம்மா சரி. நடுவில் இருப்பது என் பெட்டி.

நாளை பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஏன் நாளை? இன்றே பார்த்திருக்கலாம். பயம்.

நவம்பர் 3, வெள்ளி

பார்த்தேன்.

வெளியிலிருந்து 4510க்கு வருகிறவர்களை உள்ளே விடு என்று ஃபயர்வாலில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லை. யாராவது அழித்தார்களா என்று பதிவைப் பார்த்தேன். யாரும் அழிக்கவில்லை. பெட்டி கடைசியாக எழுந்தது அக்டோபர் 23, காலை 11:12. அதற்குள் கடைசியாக எதையாவது சேமித்தது இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதம்.

அந்த வரியை நான் போட்டது அதே வருடம் ஆகஸ்டில், கிளினிக் திறப்பு விழாவுக்கு முந்தின நாள்.

இந்தப் பெட்டியில் ஒரு வரியைப் போட்டால் அது உடனே வேலை செய்யும். ஆனால் சேமி என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்தால்தான் அணைத்துப் போட்டாலும் நினைவில் இருக்கும். இல்லாவிட்டால் தூங்கி எழுந்ததும் மறந்துவிடும். நான் சேமி என்று சொல்லவில்லை. யு.பி.எஸ்., ஜெனரேட்டர் தயவில் பெட்டி எண்ணூறு நாள் தூங்கவே இல்லை, அதனால் தெரியவில்லை. ஓய்வு கொடுத்தோம். மறந்துவிட்டது. பூஜையில் குற்றம் இல்லை. பூஜை இல்லாவிட்டால் வேறொரு நாள்.

என் வேலைப் பதிவேட்டை எடுத்தேன். ஆகஸ்ட் 12: "4510 திறக்கப்பட்டது. சேமிக்கப்பட்டது." என் கையெழுத்து. அழகாக வேறு எழுதியிருக்கிறேன்.

4:40க்கு வரியைப் போட்டேன். சேமித்தேன். சேமித்ததா என்று பார்த்தேன். மறுபடி சேமித்தேன். சௌடம்மாவுக்குப் போன் போட்டு அடிக்கச் சொன்னேன்.

"ஒண்ணுமே வரல சார். எழுத்தெல்லாம் போயிடுச்சு. வெறும் கருப்பா நிக்குது. கெடுத்துட்டேனா?"

இல்லை சிஸ்டர், திறந்துவிட்டது, திறந்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஈசிஜி ஒன்று அனுப்பச் சொன்னேன். நோயாளி யாரும் இல்லை. தன் நெஞ்சிலேயே மாட்டிக்கொண்டு அனுப்பினார். மாடியில் டாக்டர் அறையில் மணி அடித்தது. டாக்டர் உமாபதி பார்த்துவிட்டு, நாடி நூற்று நான்கு, இந்த அம்மாவுக்கு என்ன இவ்வளவு படபடப்பு என்று கேட்டார்.

என்ன ஆயிற்று, எப்படிச் சரியாயிற்று என்று சௌடம்மா கேட்டார். ஒரு சின்ன விஷயம் சிஸ்டர் என்றேன்.

சின்ன விஷயம்!

நவம்பர் 4, சனி

ஹாலப்பாவிடம் ஈசிஜி வருகிறது என்று சொன்னேன். மேலே சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பாத்தீங்களா? நோட்டீஸ் கையில விழுந்ததும் மெஷின் தானா சரியாயிடுச்சு."

வாயை மூடிக்கொண்டேன். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பாவத்துக்கு உரிய இடம் இன்று காலை வெண்ணெய் தோசை இரண்டு சாப்பிட்டது.

விஷாலாவிடம் சொல்லிவிட்டேன். முழுசாக. போர்ட் என்றால் என்ன என்பதிலிருந்து. சர்வர் ஒரு வீடு என்றால் அதற்கு அறுபத்தைந்தாயிரம் வாசல், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் என்றேன். அவ்வளவு வாசலை யார் தெளித்துக் கோலம் போடுவது என்று கேட்டுவிட்டு, பிறகு சிரிக்காமல் கேட்டாள்:

"சொன்னா வேலை போயிடுமா?"

"போகாது. மானம் போகும்."

"இப்ப கையில எவ்வளவு இருக்கு?"

விஷாலா எழுந்து போய்த் துணி மடித்தாள். நானும் உட்கார்ந்து மடித்தேன். என் சட்டையை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

நவம்பர் 6, திங்கள்

மல்லவ்வாவை நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 8, புதன்

கடிதம் எழுதினேன். நான்கு தடவை. முதல் மூன்றிலும் என்னையே காணோம். தொழில்நுட்பக் காரணங்களால், எதிர்பாராத சூழலில், ஆவன செய்யப்பட்டது… முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மூன்று பக்கம் சோறு வடித்திருக்கிறேன். நான்காவது ஐந்து வரி: 4510 மூடியிருந்தது என் தவறு. சேமிக்காமல் சேமித்ததாக எழுதினேன். உள்ளிருந்து சோதித்துவிட்டுத் திறந்திருக்கிறது என்று எழுத்தில் கொடுத்தேன். பூஜையன்று அணைத்தபோது வெளிப்பட்டது. சௌடம்மா சிஸ்டர் எதையும் மாற்றவில்லை, கண்டுபிடிக்க உதவியதே அவர்தான்.

ஹாலப்பா படித்தார். இரண்டாம் முறை படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பூஜையால ஆச்சுன்னு எழுதியிருக்கீங்களே. செயலாளரம்மா என்னைக் கொன்னுடுவாங்க."

பூஜையால் ஆகவில்லை, என்னால் ஆனது என்றேன். என்னால் ஆனதை யாரும் படிக்க மாட்டார்கள், பூஜையைத்தான் படிப்பார்கள் என்றார். மெஷின்தான் ஓடுகிறதே, எதற்குக் கிளறுகிறீர்கள், அந்த மாற்றல் உத்தரவு எண் போட்டுப் பதிவாகிவிட்டது, செயலாளரம்மா கையெழுத்துப் போட்டதைத் திருப்பி எடுக்க இங்கே வழக்கமே இல்லை என்றார். கடிதத்தை மடித்து என் பையில் வைத்து, பையைத் தட்டிக்கொடுத்தார்.

நவம்பர் 9, வியாழன்

கடிதம் பையிலேயே இருக்கிறது. காலையில் இரண்டாம் மாடிக்கு ஏறினேன். இறங்கினேன். ஏறினேன்.

டாக்டர் உமாபதி நின்றபடியே படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கோபக்காரர், ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கி எறிந்தவர். இன்று எறியவில்லை.

"எட்டு நாள், கொட்ரேஷ்."

ஆமாம் டாக்டர் என்றேன்.

"அந்தம்மா இதயத்துல முப்பத்தஞ்சு பர்சென்ட்தான் வேலை செய்யுது. அவங்ககிட்ட இதை யார் சொல்றது?"

நான் என்றேன். கடிதத்தை அவரே வைத்துக்கொண்டார்.

நவம்பர் 14, செவ்வாய். தீபாவளியின் கடைசி நாள்

நாளை சௌடம்மா இங்கே வந்து சேர வேண்டிய நாள். டாக்டரிடமிருந்து பதில் இல்லை. விஷாலா பருப்பு அரைத்து ஹோளிகே தட்டினாள். ஒன்று சாப்பிட்டேன்.

நவம்பர் 16, வியாழன்

நேற்று மீட்டிங்கில் டாக்டர் உமாபதி என் கடிதத்தை உரக்கப் படித்தாராம். பூஜை என்ற இடம் வந்தபோது ஹாலப்பா இருமினாராம். செயலாளரம்மா ஒன்றும் கோபப்படவில்லையாம். பூஜை செய்ததால்தானே குறை வெளியே வந்தது, தெய்வச் செயல் என்றாராம். இதை ஹாலப்பாவே வந்து சொன்னார், தானே யோசித்த மாதிரி.

ஆனால் மாற்றல் உத்தரவை ரத்துசெய்கிற வழக்கம் இல்லை என்றால் இல்லைதான். அதனால் திருத்தியிருக்கிறார்கள். எண் அதே. தேதி அதே. ஆள் பெயரும் ஊரும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. "திரு. கொட்ரேஷ் அவர்கள், இயந்திரங்களைக் கவனமாகக் கையாளப் பயிற்சி பெறும்பொருட்டு", வாரம் மூன்று நாள் ஹிரேகல்கெரெ கிளினிக்கில் மூன்று மாதம். பயிற்சி கொடுப்பவர்: சிஸ்டர் சௌடம்மா.

சௌடம்மாவின் நோட்டீஸ் ரத்து. அதற்கு வழக்கம் இருக்கிறதாம்.

நவம்பர் 20, திங்கள்

முதல் நாள். இரண்டு பஸ். சௌடம்மா ஒரு நாற்காலி காட்டினார். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிஞ்சுகளை எண்ணி முடித்துவிட்டுப் பேசினார்.

"பன்னெண்டு நாள் நான் சரியா தூங்கல சார். நாமதான் ஏதாவது பண்ணிட்டோமோன்னு அந்த மெஷினைத் தொடவே கை நடுங்குச்சு. வீட்ல ஒருத்தருக்கு நடுங்கறது போதாதா?"

சிரிஞ்சுப் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தார்.

"மன்னிக்கறதெல்லாம் பெரிய வார்த்தை. அந்த மெஷினுக்குத் தனியா ஒரு பிளக் பாயின்ட் போட்டுக் குடுங்க. ஃபேனைக் கழட்டிட்டுத்தான் ஈசிஜி எடுக்கறேன்."

அது நெட்வொர்க் வேலை இல்லை. போட்டேன்.

நவம்பர் 29, புதன்

மல்லவ்வா பரிசோதனைக்கு வந்தார். உயரமான பெண். மெதுவாக நடக்கிறார், மெதுவாக நடப்பதில் கோபத்தோடு. சௌடம்மா ஈசிஜி எடுத்தார். போயிற்று. இரண்டு நிமிடத்தில் டாக்டரின் பதில்: அதே மருந்து, பாரம் கூடாது.

சௌடம்மா என்னைப் பார்த்தார். பிறகு கட்டு மாற்ற ஒரு நோயாளி இருப்பதாக உள்ளே போய்விட்டார். உள்ளே யாரும் இல்லை.

சொன்னேன். அன்றைக்கு உங்கள் ஈசிஜி டாக்டருக்குப் போகாததற்குக் காரணம் நான்தான் என்றேன். மெஷின் இல்லை, சிஸ்டர் இல்லை, நான் ஒரு கட்டளை கொடுக்க மறந்தேன் என்றேன்.

"அது குடுக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"ரெண்டு செகண்ட்."

"ரெண்டு செகண்டா."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"திங்க, புதன், வெள்ளி வருவீங்களாமே. பன்னெண்டரைக்கு ஸ்கூலுக்கு வாங்க."

எதற்கு என்று கேட்டேன். வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் 1, வெள்ளி

போனேன். அறுபது பிள்ளைகளுக்கான சாம்பார் அண்டா. அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். கூடச் சமைக்கிறவள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். தலைமையாசிரியர் இரண்டு நாள் இறக்கினாராம். மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் மல்லவ்வா ஒற்றை ஆளாக இறக்குவார்.

இறக்கினேன். முழங்கையில் சுட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார்.

டிசம்பர் 13, புதன்

இறக்கினேன். இடதுபக்கத்துப் பிடியை முதலில் பிடிக்கக்கூடாது, சாய்ந்துவிடும். இது அவர் சொன்னதில்லை. நானே பார்த்துக்கொண்டது.

டிசம்பர் 22, வெள்ளி

செவ்வாய், வியாழன் யார் இறக்குகிறார்கள் என்று சௌடம்மாவிடம் கேட்டேன். பால்காரரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, அவர் வராத நாளில் பிள்ளைகளுக்கு இரண்டு மணி ஆகிவிடுகிறது என்றார். ஹாலப்பாவுக்கு எழுதினேன்: பயிற்சி போதவில்லை, வாரம் ஆறு நாளாக மாற்றித் தரவும். என்ன காரணம் என்று போனில் கேட்டார். கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்றேன். தாவணகெரெ வேலையை அங்கிருந்தே பார்ப்பீர்களா என்றார். இங்கிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரிகிறது என்று சொன்னேன். அது உண்மையும்கூட.

ஜனவரி 10, புதன்

காலையில் கிளினிக்கிலிருந்து 4510 பார்த்தேன். திறந்திருக்கிறது. இரண்டு ஈசிஜி போயின, இரண்டிலும் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடம். அண்டாவை இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மல்லவ்வா கரண்டியில் கொஞ்சம் சாம்பாரை எடுத்து என் முன்னால் நீட்டினார். இங்கே இத்தனை நாளில் 'இறக்குங்க' என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறு பேசியதில்லை.

"உப்பு பாருங்க."

உள்ளங்கையில் வாங்கிச் சுவைத்தேன். குறைவு. நல்லாத்தான் இருக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. குறைவாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஒரு பிடி போட்டுக் கலக்கிவிட்டு, மறுபடியும் கரண்டியை நீட்டினார்.